மூக்கு நுனியில் ஐந்து சென்டிமீட்டர்

என் தங்கச்சிக்கு 31 வாரத்தில் பிள்ளை பிறந்தது. எடை 1,400 கிராம். பஞ்சில் பொதிந்து வளர்க்க வேண்டிய பிள்ளை என்றார் உம்மா. கீழக்கரைக்கு வெளியே ஒரு மருத்துவமனையில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள், மூக்கு வழியாகத் தொடர்ந்து அழுத்தக் காற்று கொடுக்கும் சிபாப் கருவியை மாட்டினார்கள். மூக்குத் துளைகளுக்குள் இரண்டு குட்டையான சிலிக்கோன் முளைகள். அவற்றின் இருபுறமும் குழாய்கள். ஒரு குழாயின் நுனி தண்ணீர்ப் போத்தலில் மூழ்கிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் தங்கச்சி என்னைக் கூப்பிட்டாள். "காக்கா, புள்ள மூக்கப் பாருங்க." இரண்டு துளைகளுக்கும் நடுவே உள்ள தண்டு சிவந்து, ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது.

சிஸ்டரிடம் சொன்னோம். அவர் முளைகளை எடுத்துவிட்டு, பெரியவர்களுக்கு ஆக்சிஜன் கொடுக்கும் குழாயைப் போன்ற மெல்லிய, மெத்தென்ற ஒரு கேனுலாவை மாட்டினார். பிள்ளை அழுகையை நிறுத்தித் தூங்கியது. போத்தலில் குமிழி ஓயவில்லை. எல்லோருக்கும் நிம்மதி. நள்ளிரவுக்குள் விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்வாங்கத் தொடங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் முனகல். பணியில் இருந்த மருத்துவர் வந்து கேனுலாவைக் கழற்றி, மூக்கின் மேல் மெல்லிய ஒட்டுப்பட்டை போட்டு, சின்னஞ்சிறு முகமூடி ஒன்றைப் பொருத்தினார். விடிவதற்குள் இரைப்பு தணிந்தது. அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது. கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு வடு மூக்கில் இருக்கிறது.

ஒரு பிள்ளையின் கதையை வைத்து ஒரு கருவிக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது. அந்த இரவுக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் குமிழி ஓயாமல் வந்துகொண்டிருந்ததே, பிறகு ஏன் மூச்சு முட்டியது என்ற கேள்வி என்னை விடவில்லை. குறைமாதக் குழந்தையின் மூக்குக்குச் 'சுகமான' கருவி எது என்று படிக்கத் தொடங்கியது அதனால்தான்.

முதலில் அந்தப் போத்தல். குமிழி சிபாப்பில் அழுத்தத்தை உண்டாக்குவது எந்த இயந்திரமும் இல்லை, தண்ணீரின் ஆழம்தான். குழாயை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் நிறுத்தினால் 5 சென்டிமீட்டர் நீரின் அழுத்தம். எங்கள் கடற்கரையில் இதை விளக்கப் பாடம் தேவையில்லை. கீழக்கரைச் சங்குகுளிகாரர்கள் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி. ஒரு பாகம் இறங்கினாலே காது அடைக்கும். அந்த ஒரு பாகத்தில் முப்பத்தாறில் ஒரு பங்குதான் குழந்தைக்குக் கொடுக்கும் 5 சென்டிமீட்டர். அவ்வளவு சிறிய அழுத்தம் போதும், நுரையீரலின் நுண்ணறைகள் மூச்சு விடும்போது ஒட்டிக்கொள்ளாமல் திறந்தபடி இருக்க. அறைகளின் உட்பக்கத்தில் படர்ந்து அவற்றை ஒட்டவிடாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் குறைமாதக் குழந்தைக்குப் போதிய அளவில் ஊறியிருக்காது. ஒவ்வொரு மூச்சிலும் சுருங்கிப்போன பலூனை முதலிலிருந்து ஊதுவது போன்ற பாடு அதற்கு. 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, சர்ஃபாக்டன்ட் குறைவால் வரும் இந்த மூச்சுத்திணறல் நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். அந்த நாட்டின் அத்தனை வசதியும் உடனிருந்தும் முடியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1971இல், சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரகரி இந்தத் தொடர் அழுத்தத்தை 20 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 16 பேர் பிழைத்தார்கள்.

இவ்வளவு சிறிய அழுத்தம் என்பதிலேயே சிக்கலும் இருக்கிறது. கொடுப்பதே 5 என்றால், வழியில் 2 போய்விட்டால் மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல். மூக்கில் மாட்டும் பொருள்தான் அந்த வழி. அழுத்தத்தைக் கசியவிடாமல் மூக்கு நுனிவரை கொண்டுசேர்ப்பதும், மூக்கைப் புண்ணாக்காமல் இருப்பதும் அதன் இரண்டு கடமைகள். ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜென் டியென் வுங் 1970களில் வளர்த்தெடுத்த முறைதான் குட்டை முளை முறை. இன்று பெரும்பாலும் ஹட்ஸன் முளை என்ற பெயரில் கிடைக்கிறது; குழந்தையின் எடைக்கேற்ப 0 முதல் 5 வரை அளவுகள். குட்டை, அகலம், வளைவு. காற்று செல்லும் வழி குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அழுத்தம் வழியில் வீணாவதில்லை. ஆனால் மூக்குத் துளையை இறுக அடைத்தால்தான் அது வேலை செய்யும். முளைகளை இணைக்கும் பாலத்துக்கும் மூக்கின் நடுத்தண்டுக்கும் நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி எப்போதும் இருக்க வேண்டும் என்று செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த இடைவெளியைக் காப்பாற்றுவது தலைத்தொப்பியும், அதில் ஊக்கு போட்டுக் கட்டிய குழாயும், மேலுதட்டில் ஒட்டிய வெல்க்ரோ பட்டையும். தொப்பி ஒரு சுற்று பெரியதாகிவிட்டால் குழாய் ஆடும். முளை உள்ளே போய்த் தண்டை அழுத்தும். மெல்லிய தோலுக்கு ரத்தம் வராது. முதலில் சிவக்கும், பிறகு உரியும், முற்றினால் சதையே கருகும். என் மருமகனின் மூக்கு இரண்டாம் படியில் நின்றது.

இது அபூர்வமான விபத்து என்று நினைத்திருந்தேன். சுவிட்சர்லாந்தின் லோசான் நகர மருத்துவமனை மூக்கு வழி சிபாப் பெற்ற 989 குழந்தைகளைக் கவனித்து 2010இல் வெளியிட்ட கணக்கு வேறு சொல்கிறது. 42.5 விழுக்காட்டினருக்கு மூக்கில் காயம். பெரும்பாலானவை வெறும் சிவப்புதான். ஆனால் குழந்தை எவ்வளவு சிறியதோ காயம் அவ்வளவு அதிகம், அவ்வளவு ஆழம். செவிலியர் எண்ணிக்கையிலும் பயிற்சியிலும் குறையில்லாத ஊர் அது. ஆகவே காயத்துக்கு முதல் குற்றவாளியாகச் செவிலியரை நிறுத்துவது நியாயமாகாது. கருவியின் வடிவத்திலேயே குற்றம் பாதி.

பெரியவர்களின் கதையோடு ஒப்பிட்டால் குழந்தையின் நிலை இன்னும் தெளிவாகிறது. தூக்கத்தில் மூச்சடைப்பவர்களுக்கு மூக்கு வழி அழுத்தக் காற்றைக் கொடுக்கும் முறையை சிட்னியில் காலின் சல்லிவன் 1981இல் வெளியிட்டார். அவருடைய முதல் மூக்குக் கவசங்கள் ஆளின் மூக்கை அச்செடுத்து வார்த்து, ஒவ்வோர் இரவும் பசையால் ஒட்டப்பட்டவை. அங்கிருந்து இன்றைய சிலிக்கோன் தலையணை வரை வந்த நாற்பது ஆண்டு வடிவமைப்புக்குப் பின்னால் ஒரே ஒரு கட்டாயம் இருந்தது: சுகமில்லாவிட்டால் மனிதர் கழற்றி எறிந்துவிடுவார். ஏழு நாடுகளில் 2,700க்கு மேற்பட்டோரிடம் நடந்து 2016இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், கருவி கொடுக்கப்பட்டவர்கள் ஓர் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே அதை அணிந்திருந்தார்கள். பெரியவரின் அசௌகரியம் கருவியின் கணக்கில் மணி நேரமாகப் பதிவாகிறது. விற்கும் நிறுவனத்துக்கு நஷ்டமாகத் தெரிகிறது. குறைமாதக் குழந்தையால் எதையும் கழற்றி எறிய முடியாது. அதன் அசௌகரியம் பதிவாவது தோலில் மட்டும்தான். தோலைப் பார்க்க ஆள் இல்லையென்றால் பதிவே இல்லை.

இங்கேதான் அந்த மெத்தென்ற கேனுலா வருகிறது. அதன் பெயர் ராம் கேனுலா. லாஸ் ஏஞ்சல்ஸில் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பச்சிளங்குழந்தை மருத்துவர் ரங்கசாமி ராமநாதன் வடிவமைத்தது. ராம் என்பது அவர் பெயரின் சுருக்கம். எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தின் பெயரையே சுமப்பது போல ஒலிக்கும் ஒருவரின் ஆக்கம் உலகம் முழுவதும் குழந்தை வார்டுகளில் புழங்குவதில் எனக்குப் பெருமை உண்டு. அதனாலேயே அதை விட்டுக்கொடுக்காமல் எடைபோட வேண்டும் என்றும் தோன்றுகிறது.

அதன் நன்மைகள் உண்மையானவை. முளைகள் வளையும், மென்மையானவை. குழாய்கள் கன்னத்தோடு படுத்துக் காதோரம் போகின்றன. தொப்பி, ஊக்கு, கட்டு எதுவும் வேண்டாம். குழந்தையின் முகம் தெரிகிறது. தாயின் மார்பில் கிடத்தி அணைக்கும் கங்காரு முறைக்கு எந்தத் தடையும் இல்லை. இதைச் சின்ன வசதி என்று ஒதுக்க முடியாது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், உடல்நிலை சீராகும் வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே தாயின் மார்பில் கிடத்தப்பட்ட குழந்தைகளில் முதல் 28 நாள் இறப்பு 12 விழுக்காடு. மற்ற குழுவில் 15.7. தாயின் மார்புக்குப் போகவிடாத மூக்குக் கருவி ஓர் உயிர்க்காப்பைத் தட்டிப் பறிக்கிறது என்றே இதற்குப் பொருள்.

குறை எங்கே? குழாயின் நீளத்திலும் குறுக்களவிலும். ஒழுங்காக ஓடும் காற்றுக்குக் குழாயின் ஆரம் பாதியானால் தடை பதினாறு மடங்காகும். மெல்லிய நீண்ட குழாயில் போகும் காற்று தன் அழுத்தத்தை வழியிலேயே இழக்கிறது. போதாததற்கு, இந்தக் கேனுலா மூக்குத் துளையை முழுக்க அடைப்பதில்லை. 60 முதல் 80 விழுக்காடு வரை அடைக்கும்படி அளவைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். மிச்ச இடைவெளியில் கசிவு. செயற்கை நுரையீரல் வைத்து ஆய்வகங்களில் அளந்தவர்கள், வைத்த அழுத்தத்தைவிட மூக்குக்கு அப்பால் சேர்ந்தது கணிசமாகக் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இது ஆக்சிஜன் கொடுக்கும் கேனுலாவாகத்தான் பதிவானது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அழுத்தம் குறைகிறது என்பதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. குட்டை முளை மூக்கிலிருந்து நழுவினால் காற்று அந்த அகலமான வழியில் வெளியே கொட்டிவிடும். போத்தலில் குமிழி நின்றுவிடும். அறையின் மறுமூலையிலிருந்தே சிஸ்டருக்குத் தெரியும். முகமூடி விலகினாலும் அப்படியே. மெல்லிய கேனுலாவில் குழாயின் தடையே சுற்றுக்குள் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. கேனுலா மூக்கை விட்டு வெளியே கிடந்தாலும் போத்தல் குமிழிவிட்டபடி இருக்கலாம். வென்டிலேட்டரோடு இணைத்திருந்தால் அதன் எச்சரிக்கை மணியும் அடிக்காமல் போகலாம். குமிழி சிபாப்பின் பெரிய குணமே, ஏழை மருத்துவமனையிலும் கண்ணால் பார்த்து நம்பக்கூடிய ஒரு சாட்சி அதில் இருப்பது. மெல்லிய கேனுலா அந்தச் சாட்சியின் வாயை அடைத்துவிடுகிறது. அன்று இரவு எங்கள் பிள்ளைக்கு மூச்சு முட்டியபோது நாங்கள் பார்த்து நிம்மதியடைந்த குமிழி, போத்தலுக்குள் என்ன நடக்கிறது என்பதை மட்டுமே சொன்னது. மூக்கில் நடந்ததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான சான்று ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டுத் தீர்ப்பு சொல்வது முறையில்லை. இஸ்ரேலில் 24 முதல் 33 வாரத்துக்குள் பிறந்த 166 குழந்தைகளிடம் மெல்லிய நீண்ட கேனுலாவையும் குட்டை முளையையும் ஒப்பிட்ட ஆய்வு 2021இல் அச்சேறியது. 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை தோற்றது கேனுலாவில் 14 விழுக்காடு, முளையில் 18. நடுத்தரம் முதல் கடுமை வரையான மூக்குக் காயம் கேனுலாவில் 5 விழுக்காடு, முளையில் 17. ஆய்வக அளவீடு அழுத்தம் வீணாகிறது என்கிறது, குழந்தைகளோ தோற்கவில்லை. எதை நம்புவது?

இரண்டையும் நம்பலாம் என்பது என் முடிவு. அந்த ஆய்வில் கொடுக்கப்பட்டது வென்டிலேட்டர் வழியாக இடைவிட்டு உயர்த்தும் அழுத்தம், வெறும் குமிழிப் போத்தல் இல்லை. மூச்சு திணறினால் உடனே கண்டுபிடித்து மாற்றுவதற்கு ஆட்கள் நிறைந்த பெரிய பிரிவுகளில் நடந்தது. அழுத்தத்தில் வரும் இழப்பை அங்கே கூட்டிவைத்து ஈடுகட்ட முடியும். ஒரு சிஸ்டர் பல குழந்தைகளைப் பார்க்கும் இரவுப் பணியில், போத்தலை மட்டுமே நம்பும் வார்டில், அந்த 14 விழுக்காடு அப்படியே இருக்கும் என்று சொல்ல அந்த ஆய்வு இடம் தரவில்லை. கேனுலா காயத்தைக் குறைக்கிறது என்ற பாதியை முழுதாக ஏற்கிறேன். அழுத்தத்தில் சமம் என்ற பாதி, கண்காணிப்பு இருக்கும் இடத்துக்கு மட்டும் செல்லும்.

அப்படியானால் முளையின் காயத்தைச் சகித்துக்கொள்ள வேண்டுமா? வேண்டாம். நடுவே மூன்றாவதாக மூக்கு முகமூடி இருக்கிறது. மூக்கை மட்டும் மூடும் முக்கோணச் சிலிக்கோன் கிண்ணம். துளைக்குள் எதுவும் போவதில்லை. வழி அகலமாகவே இருக்கிறது. சாட்சிக் குமிழியும் உயிரோடு இருக்கிறது. ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையில் முளை, முகமூடி, இரண்டையும் மாற்றி மாற்றி என்று மூன்று முறைகளை ஒப்பிட்டு 2019இல் வெளியான ஆய்வில் காயம் மிகக் குறைந்தது முகமூடிக் குழுவில். முளையிலேயே விட்ட குழுவின் நிலை மிக மோசம். 2022இல் காக்ரேன் அமைப்பு 12 ஆய்வுகளை, ஏறத்தாழ 1,600 குழந்தைகளை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோதும் முகமூடி சிகிச்சைத் தோல்வியையும் காயத்தையும் குறைக்கக்கூடும் என்றே வந்தது. சான்றின் உறுதி குறைவு என்றும் அவர்களே எழுதினார்கள். அந்தத் தயக்கத்தை நானும் சுமக்கிறேன். முகமூடிக்கும் தன் காயம் உண்டு: புருவங்களுக்கு நடுவிலும் மூக்கின் அடியிலும். இறுக்கிக் கட்டினால் மூக்கையே அமுக்கி அடைத்துவிடும். ஆனால் அது அழுத்தும் இடம் வேறு என்பதால், தண்டு சிவக்கும்போது முகமூடிக்கும், நெற்றியடி சிவக்கும்போது முளைக்கும் மாறிக்கொள்ளலாம்.

இதோடு மிக மலிவான ஒன்று: மூக்கின் மேல் ஒட்டும் ஹைட்ரோகொலாய்டு பட்டை. மெல்போர்னில் 108 குழந்தைகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், பட்டை ஒட்டியவர்களில் 34 விழுக்காட்டினருக்குக் காயம், ஒட்டாதவர்களில் 56. எந்தப் புதிய கருவியும் வாங்காமல் கிடைக்கும் லாபம் இது. எங்கள் பிள்ளைக்கு முதல் நாளே அதை ஒட்டியிருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

வேகமாகப் பாயும் வெதுவெதுப்பான காற்றைக் கேனுலாவில் கொடுக்கும் ஹைஃப்ளோ முறையை இங்கே அதிகம் பேச வேண்டியதில்லை. சுகம் அதில் நிச்சயம் கூடுதல். 564 குழந்தைகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. முதல் சிகிச்சையாக ஹைஃப்ளோ தோற்றது 25.5 விழுக்காடு, சிபாப் தோற்றது 13.3. தேறிவரும் குழந்தைக்கு நல்லது. மூச்சுக்குத் தவிக்கும் முதல் நாளுக்கு ஆகாது.

இனி எங்கள் கடற்கரைக்கு வருகிறேன். 2020இல் மட்டும் இந்தியாவில் 30 லட்சத்துக்கு மேல் குறைமாதக் குழந்தைகள் பிறந்தன. கீழக்கரையில், ஏர்வாடியில், பாம்பனில் பிறக்கும் அப்படிப்பட்ட பிள்ளைகள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ராமநாதபுரம், முடியாவிட்டால் மதுரை. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்களும் அங்கேதான் படிக்கத் தொடங்கினார்கள். ஆள் பலம் முன்னைவிடக் கூடியிருக்கிறது. இப்படிப்பட்ட மாவட்டப் பிரிவு ஒன்றுக்கு என் தீர்ப்பு இது.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு, மூச்சுக்குத் தவிக்கும் குழந்தைக்கு, பட்டை ஒட்டிய மூக்கின் மேல் முகமூடி. சில மணி நேரத்துக்கு ஒருமுறை சரியான அளவுள்ள குட்டை முளையோடு மாற்றம். சரியான அளவு என்பதை அழுத்திச் சொல்கிறேன். அலமாரியில் இரண்டு அளவுகள் மட்டும் இருந்து, இருப்பதையே எல்லாப் பிள்ளைக்கும் மாட்டுவதும், ஒருமுறை பயன்பாட்டுக்கான முளையைக் கழுவிக் கழுவி அது விறைத்துப்போன பிறகும் மாட்டுவதும் எந்த வடிவமைப்பையும் தோற்கடித்துவிடும். பெரிய குழந்தைக்கு, தேறிவரும் குழந்தைக்கு, தாயின் மார்புக்குப் போகும் நேரத்துக்கு ராம் கேனுலா. அப்போதும் போத்தலை நம்பக் கூடாது. குழந்தையின் நெஞ்சைப் பார்க்க வேண்டும், விலா உள்வாங்குகிறதா, முனகுகிறதா, ஆக்சிஜன் தேவை ஏறுகிறதா என்று. 108 ஆம்புலன்ஸ் வண்டியில் குண்டும் குழியுமான சாலையில் போகும்போது, நழுவினாலும் சாட்சி சொல்லாத கேனுலாவை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

மூக்குக் கருவியைவிட முதன்மையான ஒன்றை இங்கே சொல்லாமல் விட்டால் தீர்ப்பு கோணலாகிவிடும். காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து அளவாகக் கொடுக்கும் பிளெண்டர் இல்லாமல், சுத்த ஆக்சிஜனையே குமிழியாக்கி ஊட்டும் கைவேலை அமைப்புகள் நாட்டில் பல இடங்களில் உண்டு. அளவு மீறிய ஆக்சிஜன் குறைமாதக் குழந்தையின் விழித்திரையைக் கெடுக்கும். வாங்கப் பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் மெத்தென்ற கேனுலாவை விட்டுவிட்டு பிளெண்டரை வாங்க வேண்டும்.

வடிவமைப்பவர்களிடமும் ஒரு கேள்வி. பெங்களூரில் கோயியோ லேப்ஸ் செய்த 'ஸான்ஸ்' கருவி மின்சாரம் இல்லாதபோது கையாலேயே இயக்கிக் குழந்தைக்கு அழுத்தக் காற்று கொடுக்க வல்லது. நம் ஊர் நிலைமையை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அப்படிச் சிந்திக்கத் தோன்றும். அதே கண்ணோடு மூக்கு நுனியையும் பார்க்க வேண்டும். மெத்தென்ற கேனுலாவின் முளைக்கு அருகிலேயே அழுத்தத்தை அளக்க ஒரு நுண்துளை வைத்து, அதை ஒரு சிறிய நீர்மானியோடு இணைப்பது நடக்காத காரியமில்லை. ராமநாதனின் மென்மையும் வுங்கின் சாட்சியும் ஒரே கருவியில் சேரும். அதுவரை அந்தக் கேனுலாவை நல்ல கருவி என்பேன். முதல் கருவி என்று சொல்ல மாட்டேன்.

போன மாதம் எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் 33 வாரத்தில் பிள்ளை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் அந்த வாப்பா என்னிடம் என்ன கேட்க வேண்டும் என்று விசாரித்தார். மூக்கில் மாட்டியது என்ன அளவு, தண்டுக்கும் அதற்கும் இடைவெளி இருக்கிறதா, கடைசியாக எப்போது கழற்றித் தோலைப் பார்த்தார்கள், ஆக்சிஜனோடு காற்றும் கலக்கிறதா என்று நான்கு கேள்விகளை அவர் கைப்பேசியில் எழுதிக்கொடுத்தேன்.